பட்டப்பகலில் ஒரு பேய்த் திருவிழா
மேல்மலையனூர் மயானக் கொள்ளைக்குக் குடும்பத்தோடு போய் வந்தோம்

"அப்பா! தாத்தா இப்போது பேயாக இருக்கிறாரா?"

என் மகன் ஒருநாள் இரவு இப்படிக் கேட்டான். அவனுக்கு வயது 8. பாயில் படுத்திருந்தவன், விளக்கை அணைக்கப் போன என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

என் அப்பா 2022-ம் ஆண்டு ஐப்பசி மாதம் இறந்து போனார். திண்டிவனத்தில் எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போகும் வழியில்தான் சுடுகாடு. அங்கேதான் அவரைத் தகனம் செய்தோம். அன்று முதல் பையன் அந்த வழியாக நடக்க மாட்டான். சுற்றிக்கொண்டுதான் போவான். இரவில் விளக்கு எரியவேண்டும். பொழுது சாய்ந்தால் தோட்டத்துப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டான்.

"செத்துப் போனவர்கள் எல்லாம் பேயாக வருவார்கள்" என்று கூடப் படிக்கும் பையன் ஒருவன் சொல்லியிருக்கிறான். போதாக்குறைக்கு யாரோ ஒரு பேய்ப் படத்தைக் கைப்பேசியில் காட்டிவிட்டார்கள்.

பயம் என்றால் சின்னப் பயம் அல்ல. தாத்தாவின் மடியிலேயே வளர்ந்த பிள்ளை அவன். இப்போது தாத்தாவின் படத்தைப் பார்க்கவே அஞ்சினான். அதுதான் எங்களுக்குத் துக்கமாக இருந்தது.

என்ன செய்வது என்று யோசித்தோம். அப்போது என் அம்மா ஒரு யோசனை சொன்னார்.

"மாசி அமாவாசைக்கு மலையனூர் போகலாம். மயானக் கொள்ளையைப் பிள்ளைக்குக் காட்டுங்கள்" என்றார்.

என் மனைவி திடுக்கிட்டுப் போனாள். "என்ன அத்தை இது? பேய்க்குப் பயப்படுகிற பிள்ளையைச் சுடுகாட்டுத் திருவிழாவுக்கா கூட்டிக்கொண்டு போவது?" என்றாள்.

"ஆமாம் பெண்ணே. பயந்த இடத்திலேதான் பயத்தை விடவேண்டும்" என்றார் அம்மா.

தாத்தாவின் வருஷத் திதி முடிந்தது. மறு மாசியில் புறப்பட்டோம். 2024 மார்ச் 8-ந் தேதி மகா சிவராத்திரி. மறுநாள் 9-ந் தேதி சனிக்கிழமை, மயானக் கொள்ளை.

எப்படிப் போவது?

மேல்மலையனூர், விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. செஞ்சியிலிருந்து சுமார் 20 கிலோ மீட்டர். திண்டிவனத்துக்காரர்களும் விழுப்புரத்துக்காரர்களும் முதலில் செஞ்சிக்குப் போகவேண்டும். அங்கிருந்து வளத்தி வழியாகப் போகலாம். ரெயிலில் வருகிறவர்கள் திண்டிவனத்திலோ விழுப்புரம் ஜங்ஷனிலோ இறங்கி பஸ் பிடிக்கிறார்கள்.

மாதந்தோறும் அமாவாசை இரவில் அங்கே அங்காளம்மனுக்கு ஊஞ்சல் உற்சவம் நடக்கிறது. அன்றைக்கு விசேஷ பஸ்கள் விடுகிறார்கள். மாசி மாதத்து அமாவாசை என்றால் கேட்கவே வேண்டாம். எங்கே பார்த்தாலும் மனிதத் தலைதான்.

மாசித் திருவிழா மகா சிவராத்திரி அன்று கொடி ஏறித் தொடங்கும். 2-ம் நாள் மயானக் கொள்ளை. 5-ம் நாள் தீமிதி. 7-ம் நாள் தேர். இந்த வரிசையில்தான் விழா நடக்கும்.

நாங்கள் விடியுமுன்னே புறப்பட்டோம். செஞ்சியை நெருங்கும்போது வெளிச்சம் வந்தது. ராஜகிரி, கிருஷ்ணகிரி மலைகள் பாறை பாறையாகத் தெரிந்தன. "அதோ பார், ராஜா தேசிங்கு கோட்டை!" என்று காட்டினேன். மற்ற நாளாக இருந்தால் ஆயிரம் கேள்வி கேட்பான். அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. ஆயாவின் முந்தானையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

ஆயா சொன்ன கதை

பஸ்ஸில் ஆயா கதை சொல்ல ஆரம்பித்தார்.

"பிரம்மாவுக்கு இப்போது 4 தலை. முதலில் 5 தலை இருந்தது. சிவனுக்கும் 5 தலை. ஒருநாள் பார்வதி ஆள் தெரியாமல் பிரம்மாவைச் சிவன் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டாள். பிரம்மாவுக்குக் கர்வம் வந்துவிட்டது. சிவனுக்குக் கோபம் வந்தது. பிரம்மாவின் ஒரு தலையைக் கிள்ளிவிட்டார்.

"கிள்ளின தலை சும்மா போகவில்லை. சிவன் கையிலேயே ஒட்டிக்கொண்டது. கபாலம்! உதறினாலும் விழவில்லை. சிவன் பித்துப்பிடித்தவர் மாதிரி பிச்சை எடுத்துத் திரிந்தார். கையில் விழுகிற சோற்றையெல்லாம் அந்தக் கபாலமே தின்றுவிடும். அவருக்கு ஒரு பருக்கைகூட மிஞ்சாது."

"பாவம், சிவன்!" என்றான் பையன். காலையிலிருந்து அவன் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"பாவம்தான். அந்தப் பக்கம் சரஸ்வதி, என் புருஷன் தலை போச்சே என்று பார்வதிக்குச் சாபம் கொடுத்துவிட்டாள். பார்வதி ஊர் ஊராக அலைந்தாள். கடைசியில் மலையனூருக்கு வந்து புற்றில் குடியேறினாள். அவள்தான் அங்காளம்மன்.

"சிவனும் அலைந்து அலைந்து அங்கேயே வந்து சேர்ந்தார். பெருமாள் தங்கைக்கு ஒரு யுக்தி சொல்லிக் கொடுத்தார். அம்மா ருசியாகச் சமைத்தாள். முதல் கவளத்தைக் கபாலத்தில் போட்டாள். தின்றது. இரண்டாவது கவளம் போட்டாள். அதையும் தின்றது. மூன்றாவது கவளத்தைச் சுடுகாட்டில் கீழே இறைத்தாள். ருசி கண்ட கபாலம் சும்மா இருக்குமா? சிவன் கையை விட்டுக் கீழே இறங்கித் தின்ன ஓடியது. அவ்வளவுதான்! அம்மா வானத்துக்கும் பூமிக்குமாக வளர்ந்து, காலால் ஒரே மிதி!"

"செத்துப் போச்சா?"

"அடங்கிப் போச்சு. சிவனுக்குப் பித்து தெளிந்தது. அந்தச் சோறு இறைத்ததைத்தான் இன்றைக்கும் இறைக்கிறோம். அதற்குத்தான் மயானக் கொள்ளை என்று பேர்."

பையன் கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்படியானால் சுடுகாட்டில் அம்மன் இருக்கிறாளா?" என்று கேட்டான்.

"பின்னே? தாத்தாவைத் தனியாகவா விட்டுவிட்டு வந்தோம்?" என்றார் ஆயா.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நாக்கைப் பிடித்த பையன்

மலையனூரில் இறங்கியதும் பம்பைச் சத்தமும் உடுக்கைச் சத்தமும் காதை அடைத்தன. வேப்பிலை வாசனை. கற்பூரப் புகை. எலுமிச்சம்பழம் விற்கிறவர்களின் கூவல்.

தெருவெல்லாம் வேஷக்காரர்கள். பச்சை முகம், நீல முகம், கறுப்பு முகம். தலையில் கிரீடம், வாயில் கோரைப் பல், கையில் சூலம். தோளில் மரக்கட்டையால் செய்த கூடுதல் கைகள். இடுப்பில் வேப்பிலைப் பாவாடை. காளி, அங்காளி, காட்டேரி என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வேஷம். இவர்கள் கூலிக்கு ஆடுகிறவர்கள் அல்ல. பெரும்பாலும் வேண்டுதலுக்காக வேஷம் போடுகிறவர்கள். நோய் தீர்ந்தால் போடுகிறேன், பிள்ளை பிறந்தால் போடுகிறேன் என்று நேர்ந்துகொள்கிறார்கள். அம்மை, அப்பன் போட்ட வேஷத்தைப் பிள்ளை தொடர்வதும் உண்டு.

எங்கள் பையன் என் இடுப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். என் மனைவி என்னை முறைத்தாள். "நான் அப்போதே சொன்னேனே" என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

ஒரு வீட்டுத் திண்ணையில் ஒருவருக்கு அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் அவர் உட்கார்ந்திருந்தார். தெருக்கூத்துக் கலைஞர் ஒருவர் அவருக்கு முகம் எழுதிக்கொண்டிருந்தார். கூத்துக்குப் பேர்போன சீமை அல்லவா இது? பாதி முகம் காளி. பாதி முகம் மனிதன். வேஷம் கலையாமல் இருப்பதற்காக அவர் டீயை உறிஞ்சுகுழலில் குடித்துக்கொண்டிருந்தார்.

காளி டீ குடிப்பதைப் பார்த்ததும் பையன் கொஞ்சம் தலையைத் தூக்கினான்.

"தம்பி! இங்கே வா. என் நாக்கைக் கொஞ்சம் பிடித்துக்கொள். கீழே வைத்தால் மிதித்துவிடுவார்கள்" என்றார் அவர்.

சிவப்புச் சாயம் பூசிய தகரத்தால் செய்த நாக்கு. ஒரு முழம் இருக்கும். பையன் என் முகத்தைப் பார்த்தான். நான் தலையை அசைத்தேன். மெல்லப் போய் அதை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

அவர் சுமை ஆட்டோ ஓட்டுகிறவர். பேச்சு வளர்ந்தது.

"எங்கள் அப்பா வருஷா வருஷம் இந்த வேஷம் போட்டார், சார். அவர் போன பிறகு நான் போடுகிறேன். இந்தச் சலங்கைகூட அவருடையதுதான்" என்று காலைக் காட்டினார்.

பையன் சலங்கையைப் பார்த்தான். பிறகு திடீரென்று கேட்டான். "உங்கள் அப்பா பேயாக வருவாரா?"

நான் பதறிப் போனேன். அவர் கோபிக்கவில்லை. முகம் எழுதுகிறவரின் கையை விலக்கிவிட்டு, பையனை நேராகப் பார்த்தார்.

"வந்தால் நன்றாகத்தான் இருக்கும் தம்பி. நானும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இன்றுவரை ஒரு தடவைகூட வரவில்லையே!" என்றார்.

பையன் வாயடைத்து நின்றான். பேய் வந்துவிடுமோ என்று பயந்துகொண்டிருந்த பிள்ளை அவன். வரவில்லையே என்று ஏங்குகிற ஒரு மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தான்.

கொஞ்ச நேரத்தில் மற்றப் பாதி முகமும் காளி ஆயிற்று. "கொடு தம்பி" என்று நாக்கை வாங்கிக் கட்டிக்கொண்டார். சலங்கை குலுங்க எழுந்து நின்றார். சற்று முன்னே டீ குடித்த மனிதர் எங்கே போனாரோ தெரியவில்லை. எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் பையன் ஓடவில்லை. நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நின்றான்.

மேல்நாட்டிலும் உண்டு

பேய் வேஷம் போடுவது நம் ஊரில் மட்டும் உள்ள வழக்கம் அல்ல. மேல்நாட்டில் அக்டோபர் 31-ந் தேதி "ஹாலோவீன்" என்று ஒரு விழா நடக்கிறது. மறுநாள் நவம்பர் 1, கிறிஸ்தவர்களுக்குப் புனிதர் அனைவரின் திருநாள். அதற்கும் மறுநாள் 2-ந் தேதி, கல்லறைத் திருநாள். அன்றைக்கு நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்களே, அதுதான்.

ஹாலோவீனின் வேர் கிறிஸ்தவ மதத்துக்கும் முந்தியது. அயர்லாந்து முதலிய நாடுகளில் பழங்கால மக்கள் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் இரவைக் கொண்டாடினார்கள். அன்றைக்கு இறந்தவர்கள் திரும்பி வருவார்கள் என்று நம்பினார்கள். நெருப்பு மூட்டினார்கள். வேஷம் போட்டார்கள். கிழங்கைக் குடைந்து உள்ளே விளக்கு வைத்தார்கள். 19-ம் நூற்றாண்டில் பஞ்சம் பிழைக்க அயர்லாந்துக்காரர்கள் அமெரிக்கா போனார்கள். அங்கே பூசணிக்காய் பெரிது பெரிதாகக் கிடைத்தது. கிழங்கு போய்ப் பூசணிக்காய் வந்தது. பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய், "மிட்டாய் தருகிறீர்களா, குறும்பு செய்யட்டுமா?" என்று கேட்பார்கள்.

இப்போது அது பெரிய வியாபாரம். கலிபோர்னியாவில் நாட்ஸ் பெர்ரி பார்ம் என்று ஒரு பொழுதுபோக்குப் பூங்கா இருக்கிறது. அங்கே 1973-ல் பேய் இரவுகள் ஆரம்பித்தார்கள். பெரியவர்களே அலறுவார்கள். "சின்னப் பிள்ளைகளை அழைத்துப் போக முடியவில்லையே" என்கிற குறை இருக்கும் அல்லவா? புளோரிடாவில் உள்ள டிஸ்னி பூங்கா 1995-ல் ஒரு விழா தொடங்கியது. அதன் பெயரே "மிக்கியின் அவ்வளவு பயமில்லாத ஹாலோவீன்" என்ற அர்த்தத்தில் வைத்தார்கள். தாய் தகப்பன் கையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் வேஷத்தோடு வருகிறார்கள். மிட்டாய் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

பயத்தில் என்ன இன்பம் என்று கேட்கலாம். ஆபத்து என்று நினைத்தால் நெஞ்சு படபடக்கிறது. ஆபத்து இல்லை என்று தெரிந்த மறுகணம் சிரிப்பு வருகிறது. கைக்குழந்தையைத் தூக்கிப்போட்டுப் பிடித்தால் சிரிக்கிறதே, அதே கணக்குத்தான். பிடிப்பதற்கு ஒரு கை இருக்கிறது என்று தெரியவேண்டும். அதுதான் முக்கியம்.

நம் முன்னோருக்கும் இது தெரியும். ஜெயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப் பரணியில் பேய்கள் போர்க்களத்தில் கூழ் காய்ச்சுகின்றன. பசி, பசி என்று புலம்புகின்றன. படித்தால் பயத்தைவிடச் சிரிப்புத்தான் வரும். காரைக்கால் அம்மையார் பேய் உருவத்தை விரும்பிக் கேட்டு வாங்கிக்கொண்டவர். அந்த உருவத்தோடு கயிலைக்குப் போனவரைச் சிவனே "அம்மையே" என்று அழைத்தார் என்கிறது புராணம்.

ஆனால் மலையனூருக்கும் அந்தப் பூங்காக்களுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே கல்லறையை அட்டையில் செய்து வைக்கிறார்கள். இங்கே ஊர் ஜனம் உண்மையான சுடுகாட்டுக்கே போகிறது. அதுவும் நடு இரவில் அல்ல. பட்டப்பகலில்!

மயானத்தில்

அங்காளம்மன் கோவிலில் பூசை செய்கிறவர்கள் பருவதராஜ குலத்தார். மீனவர் குலம். பரம்பரை பரம்பரையாக அவர்களுக்கே அந்த உரிமை. பூசாரி பிரம்ம கபாலத்தை ஏந்திக்கொண்டு மயானத்துக்குப் புறப்பட்டார். பின்னாலே அம்மன். அதன் பின்னாலே வேஷக்காரர்களும் ஜனங்களும். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பம்பை முழங்க, "அம்மா! தாயே!" என்று சத்தம் வானத்தைப் பிளந்தது.

நான் பையனைத் தோளில் ஏற்றிக்கொண்டேன்.

மயானத்தில் சாம்பலும் மண்ணுமாகக் கிடந்த இடத்தில் ஆயிரக்கணக்கான பேர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பை. கொழுக்கட்டை, சுண்டல், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கத்தரிக்காய், முருங்கைக்காய், நெல், கம்பு, கேழ்வரகு, காராமணி, சில்லறைக் காசு. சிலர் கோழியைக்கூட வீசுவது உண்டு. விவசாயிகள் தங்கள் நிலத்தில் முதலில் விளைந்ததைக் கொண்டுவருகிறார்கள். அடுத்த வெள்ளாமையும் நன்றாக இருக்கவேண்டும் என்பது வேண்டுதல்.

கொள்ளை விட்டார்கள்! நாலா பக்கமும் தானியம் மழையாகக் கொட்டியது. ஜனங்கள் மடியை விரித்துப் பிடித்தார்கள். கீழே விழுந்ததைப் போட்டி போட்டுக்கொண்டு பொறுக்கினார்கள். அந்தத் தானியத்தை வீட்டில் வைத்தால் குறைவு வராது, விதையில் கலந்து விதைத்தால் விளைச்சல் பெருகும் என்று நம்புகிறார்கள்.

எங்கிருந்தோ பறந்து வந்த ஒரு கிழங்கு என் தலையில் 'பட்' என்று விழுந்தது. தோளில் இருந்தவன் விழுந்து விழுந்து சிரித்தான். "அப்பா, கபாலத்தில் சோறு விழுந்துவிட்டது!" என்று கத்தினான். அக்கம்பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்துவிட்டாள்.

இறங்கி நின்று அவனும் பொறுக்கினான். கை நிறையக் காராமணி.

அப்போதுதான் அம்மாவைக் கவனித்தேன். கூட்டத்துக்கு ஓரமாக நின்றுகொண்டிருந்தார். கீழே குனிந்து ஒரு சிட்டிகைச் சாம்பலை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார். கண்ணில் நீர் வழிந்தது.

நம் பக்கத்தில் சாவுக்குப் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. என் அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனபோது அம்மா தெருமுனை வரைக்கும்தான் வந்தார். 43 வருஷம் கூட வாழ்ந்தவரை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பினார். மயானக் கொள்ளை அன்றைக்குப் பெண்களும் மயானத்துக்குள் போகலாம். யாரும் தடுப்பதில்லை.

பேரனுக்காகத்தான் அம்மா மலையனூர் வரச் சொன்னார் என்று நான் நினைத்திருந்தேன். பேரனுக்காக மட்டும் அல்ல என்று அப்போது புரிந்தது.

பையன் ஓடிப்போய் ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டான். இருவரும் ஒன்றும் பேசவில்லை.

ஒரு வார்த்தை சொல்லவேண்டும்

நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போகக்கூடாது. அன்றைக்குக் கோவிலில் வேறு ஒரு காட்சியும் பார்த்தோம். "பேய் பிடித்திருக்கிறது" என்று சில பெண்களை உறவினர்கள் அழைத்து வந்திருந்தார்கள். தலைவிரி கோலமாக ஆடினார்கள். அழுதார்கள்.

அம்மன் சந்நிதியில் வாய்விட்டு அழுதால் மனப்பாரம் குறையலாம். அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் மனநோயும் ஒரு நோய்தான். காய்ச்சலுக்கு மருந்து உண்டு. இதற்கும் மருந்து உண்டு. ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6-ந் தேதி நடந்ததை மறந்துவிடக்கூடாது. கொட்டகையில் சங்கிலியால் கட்டிவைத்திருந்த மனநோயாளிகள் 28 பேர் தீ விபத்தில் பலியானார்கள். வேண்டுதலை வைத்துக்கொள்ளுங்கள். அதோடு டாக்டரிடமும் போங்கள். விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி 2010 முதல் இருக்கிறது. வெளியூர் தேடி அலையவேண்டியது இல்லை.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு

குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் சில விஷயங்களைக் கவனிக்கவேண்டும்.

வீட்டிலேயே கதையைச் சொல்லிவிடுங்கள். என்ன பார்க்கப் போகிறோம் என்று தெரிந்தால் பிள்ளை பாதி பயத்தை வீட்டிலேயே விட்டுவிடும்.

அலங்காரம் நடக்கும் இடத்தை முதலில் காட்டுங்கள். சாயத்துக்கு உள்ளே மனிதர் இருக்கிறார் என்று பிள்ளை கண்ணால் காணவேண்டும்.

பெற்றோர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் பிள்ளையின் சட்டைப் பையில் எழுதி வையுங்கள். கூட்டத்தில் கை நழுவினால் அந்தச் சீட்டு உதவும்.

கைக்குழந்தையைக் கொள்ளை விடும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். காயும் கிழங்கும் வேகமாக விழுகின்றன. சற்றுத் தள்ளி நின்றே பார்க்கலாம்.

குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள். மாசி வெயில் சுள்ளென்று அடிக்கும்.

பிள்ளை அழுதால் வற்புறுத்தாதீர்கள். கேலி செய்யவும் கூடாது. திரும்பி வந்துவிடுங்கள். அடுத்த வருஷமும் அமாவாசை வரும்.

மலையனூர்தான் போகவேண்டும் என்பதும் இல்லை. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் செஞ்சியிலும் அங்காளம்மன் கோவில்களில் மயானக் கொள்ளை நடக்கிறது. வேலூரிலும் சென்னையிலும்கூட உண்டு. பல ஊர்களில் மயானத்து மண்ணைக் குவித்து, படுத்திருக்கும் அம்மன் உருவம் பெரிதாகச் செய்கிறார்கள். உங்கள் ஊரிலேயே பார்க்கலாம்.

காராமணி முளைத்தது

அன்றிரவு வீடு திரும்பினோம். பயம் எல்லாம் பறந்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அது பொய். அன்றைக்கும் பையன் விளக்கு எரியட்டும் என்றான். எரியவிட்டேன்.

மறுநாள் காலையில் அவன் ஒரு காரியம் செய்தான். மயானத்தில் பொறுக்கிய காராமணியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனான். தாத்தா சாய்வு நாற்காலி போட்டு உட்காரும் இடத்தில் குழி பறித்து ஊன்றினான். ஆயா பக்கத்தில் நின்று, எவ்வளவு ஆழம் என்று சொல்லிக்கொடுத்தார்.

தினமும் தண்ணீர் ஊற்றவேண்டும் அல்லவா? முதல் 2 நாள் ஆயா துணைக்குப் போனார். 3-ம் நாள் அவரை எழுப்பாமல் அவனே போனான். அந்த வாரத்துக்குள் 4 முளை தலைகாட்டியது. வீடே கேட்கும்படி கத்தினான்.

பள்ளிக்கூடத்துக்கு இன்னும் சுற்று வழியாகத்தான் போனான். சித்திரை வந்தது. கொடி படர்ந்து காய் பிடித்தது. ஒருநாள் காலையில் அவனை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். வழக்கம்போல் திரும்பும் இடத்தில் திரும்பப் போனேன்.

"நேராகவே போகலாம் அப்பா" என்றான்.

சுடுகாட்டு வாசலுக்கு வந்தபோது என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். உள்ளே பார்த்தான். வெயிலில் ஒரு வேப்பமரமும் 2 ஆடுகளும்தான் இருந்தன.

"தாத்தா, காராமணி காய்த்துவிட்டது!" என்று சத்தமாகச் சொன்னான்.

பிறகு என் கையை விட்டுவிட்டு, "நேரமாகிறது, வாருங்கள் அப்பா" என்று முன்னாலே நடந்தான்.